டெக் போட்ட சனமும் ஸ்டூடியோ வாசலும்

கோடம்பாக்கத்தை ஒருநாளும் கண்ணால காணாத ஒரு ஆளிட்ட பேனையைக் குடுத்து, ஏவிஎம் சின்னத்தைக் கீறச் சொல்லிப் பாருங்க. மன்னாரில 40 வயது தாண்டின யாராக இருந்தாலும் ஒரு உருண்டையைக் கீறி, அதில மூன்று எழுத்தையும் போட்டு, படம் தொடங்கும்போது வருகிற அந்த இசையையும் வாயால வாசிச்சுக் காட்டுவாங்க. எங்கட உப்புக்குளத்தில நான் கேட்டுப் பார்த்த ஆக்களில கனபேர் அந்த உருண்டையைத் தியேட்டர் திரையில் கண்டவர்கள் இல்லை. டெக்கில் கண்டவர்கள். வாடகை டீவி, வாடகை டெக், ஒரு இரவுக்கு மூன்று கசட், முற்றத்தில் பாய். கடைசிப் படத்தின் கடைசிச் சண்டையை முழிச்சிருந்து பார்த்தது எப்பவும் ரெண்டு மூன்று பேர் தான்.

2000க்குப் பிறகு பிறந்த தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சின்ன விளக்கம். டெக் என்றால் வீடியோக் கசட் ஓடவிடுகிற மெசின். 1976ல் ஜேவிசி கம்பனி ஜப்பானில் விஎச்எஸ் என்ற வகையைச் சந்தைக்கு விட்டது. எங்கட பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தது 1977க்குப் பிறகான திறந்த பொருளாதாரமும், சவூதி, குவைத் என்று போன ஆக்களின் சம்பளமும். இலங்கையில் டீவி ஒளிபரப்பே 1979ல் தான் தொடங்கினது, ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரியில். அதாவது எங்கட ஊர்களில் டீவியும் டெக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தான் வீட்டுக்குள்ள வந்தன. டீவி என்றாலே படம் பார்க்கிற பெட்டி, செய்தி எல்லாம் பிறகு.

இப்படி விடிய விடியப் பார்த்த ஆக்களுக்கு, அந்தப் படம் செய்யுற இடத்தையும் ஒருக்காப் பார்க்க வேணும் என்று ஆசை வராமல் இருந்திருக்காது. வந்தது, கொஞ்சப் பேர் போயும் பார்த்தார்கள். அதை விசாரிக்கப் போய்த்தான் நான் ஸ்டூடியோ வாசல்களின் வரலாற்றுக்குள்ள விழுந்தேன். ஸ்டூடியோ எப்ப பார்வையாளரை உள்ளே விட்டது, எப்ப வெளியில் நிறுத்தினது, ஏன்? தேடத் தேட வருகிற விடை கொஞ்சம் கசப்பு. வேலை மும்முரமாக நடந்த காலத்தில் கதவு பூட்டு. கதவு திறந்த காலத்தில் உள்ளே வேலை இல்லை.

முதலில் எங்கட தீவின் மற்ற அந்தத்தில் இருந்து தொடங்குறன். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னார் இறங்குதுறை, திரும்ப ரயில், கொழும்புக் கோட்டை. போட் மெயில் என்பது அது தான். இந்த வழி வியாபாரிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் உரியது என்று தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதே காலத்தில் இலங்கையின் சினிமாவும் அக்கரையில் தான் பிறந்தது என்பதைப் புத்தகம் சொல்லாது. முதல் சிங்களப் பேசும்படமான கடவுணு பொறொந்துவ 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரையின் சித்ரகலா மூவிடோன். கதாநாயகி ருக்மணி தேவி, பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். அதே வருசம் வந்த அசோகமாலா கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தது. அதுக்குப் பிறகு சில வருசங்களுக்கு சிங்களப் படம் என்றாலே தென்னிந்திய ஸ்டூடியோ, தென்னிந்தியக் கமெராமேன், தென்னிந்திய மெட்டு. ஆக, இந்தத் தீவில் இருந்து ஸ்டூடியோவுக்குள் கால் வைத்த முதல் கூட்டம் நாடக மேடையில் இருந்து போன நடிகர்கள். மேடையில் ஒரே மூச்சில் நடிச்ச ஆக்களுக்கு, ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு விளக்கு மாற்றும்வரை சும்மா இருக்கச் சொன்னது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இதுக்கு எதிராக 1956ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ரேகாவ படத்தை எடுத்தார். கமெராவை வெளியில், உண்மையான கிராமத்துக்கும் உண்மையான வெயிலுக்கும் கொண்டுபோனார். தமிழில் 16 வயதினிலே வந்து ஸ்டூடியோக் கிராமத்தை உடைத்தது 1977ல். இருபத்தொரு வருச வித்தியாசம். (இதைத் தமிழ்நாட்டு நண்பர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத் தான் இருக்கும். சொல்லிவிட்டு உடனே, ரேகாவ அந்த நேரம் தியேட்டரில் பெரிசாக ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேணும்.)

ஸ்டூடியோ சுற்றிப் பார்க்கிற வழக்கம் எங்கட ஆக்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் கார்ல் லெம்லி என்பவர் 1915 மார்ச்சில் யூனிவர்சல் சிட்டியைத் திறந்தபோதே சனத்தையும் உள்ளே விட்டார். 25 சதம் கட்டினால் படிவரிசையில் இருந்து படப்பிடிப்பைப் பார்க்கலாம், சாப்பாட்டுப் பெட்டியும் கிடைக்கும். ஊமைப்பட காலம். நாயகன் வந்தால் கைதட்டலாம், வில்லனைப் பார்த்துக் கூச்சல் போடலாம், ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை. பிறகு பேசும்படம் வந்தது. ஒரு ஆள் இருமினாலும் காட்சி கெட்டுப்போகும். சுற்றுலா நின்றது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் பார்வையாளனை வெளியில் தள்ளினது ஒரு முதலாளியின் திமிர் இல்லை, ஒலிவாங்கி. சென்னையின் பெரிய ஸ்டூடியோக்கள் பேசும்படத்துக்குப் பிறகு பிறந்தவை. எங்கட சினிமாவில் அந்த 25 சதக் காலம் வரவே இல்லை. தொடக்கத்தில் இருந்தே சிவப்பு லைட், பூட்டின கதவு.

யூனிவர்சல் திரும்பவும் கதவைத் திறந்தது 1964 யூலையில், சின்ன டிராம் வண்டிகளில் சனத்தை ஏற்றிக் காட்டும் சுற்றுலாவாக. அதே 1964 டிசம்பரில் எங்கட பக்கத்தில் நடந்தது வேற. 22ஆம் திகதி இரவு புயல் அடிச்சு, பாம்பனில் இருந்து வந்த ரயிலையும் தனுஷ்கோடியையும் கடல் கொண்டுபோனது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்த நாட்களில் இராமேஸ்வரத்தில் தான் இருந்தார்கள். ஒரு கதாநாயகனும் கதாநாயகியும் சனத்தோடு சனமாகப் புயலில் மாட்டின கதையை எங்கட கடற்கரைக் கிழவர்கள் இன்றைக்கும், ஏதோ தங்கட வீட்டு ஆக்களுக்கு நடந்தது போலச் சொல்லுவார்கள். தனுஷ்கோடி போன பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடினது.

பூட்டின கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிய வேணும் என்றால் ஒரு ஆளை வாசித்தால் போதும். அசோகமித்திரன். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நடிகரும் இல்லை, இயக்குநரும் இல்லை. பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் ஒட்டுவது தான் அவருடைய முக்கிய வேலை. பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா இருக்கிற ஆள் மாதிரித் தெரியும், அதனால் போகிற வருகிற எல்லாரும் அவருடைய அறைக்குள் வந்து கதைத்துவிட்டுப் போவார்கள். அந்த இருக்கையில் இருந்து பார்த்ததைத் தான் ஆங்கிலத்தில் நினைவுக் குறிப்பாகவும், தமிழில் கரைந்த நிழல்கள் நாவலாகவும் எழுதினார். நாவல் சினிமா உலகத்தைப் பற்றியது, ஆனால் அதில் நட்சத்திரங்களை விட முன்னுக்கு நிற்பது புரொடக்சன் மேனேஜர், உதவி இயக்குநர், சாப்பாடும் வண்டியும் நேரத்துக்கு வருமா என்று ஓடித்திரிகிற ஆக்கள். நான் வாசித்த அளவில் தமிழில் இதை விட நல்ல ஸ்டூடியோச் சுற்றுலா இல்லை. எங்கட பீட நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்க, என்னட்டத் தான் இருக்கு.

அவர் சொல்லுகிற ஒரு சம்பவம். ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் ஒருநாள் ஜெமினிக்கு வந்தார். பெரிய வரவேற்பு. அவர் பேசினார். அந்த உச்சரிப்பு ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. தமிழ்ப்படம் எடுக்கிற ஆக்களிடம் ஒரு ஆங்கிலக் கவிஞருக்கு என்ன வேலை என்று அவருக்கும் விளங்கவில்லை, கேட்டவர்களுக்கும் விளங்கவில்லை. எல்லாரும் முழிச்சுக்கொண்டு கலைந்து போனார்கள். வந்தது யார் என்பது அசோகமித்திரனுக்கு விளங்கினது வருசங்கள் கழித்து, வாசிப்பின் வழியாக. கவிஞர்களும் தலைவர்களும் போகக்கூடிய வாசல் தான் அது. சும்மா படம் பார்க்கிற சனம் போக முடியாது. அவர்கள் ராமாவரம் தோட்டத்து வாசலில் எம்ஜிஆரைப் பார்க்க நின்றார்கள், ஸ்டூடியோ மதில் ஓரத்தில் கார் கண்ணாடிக்குள் ஒரு முகம் தெரியுமா என்று நின்றார்கள்.

இனி எங்கட ஆக்கள். பெரியவாப்பா, அதாவது வாப்பாவின் மூத்த காக்கா, உப்புக்குளத்தில் டெக் வாடகைக்கு விட்டவர். கடை என்று பெயர்ப்பலகை எல்லாம் இல்லை, வீட்டு முன்னறை தான். ஒரு டெக், ரெண்டு டீவி, அலுமாரி நிறையக் கசட். டெக்கைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டி எருக்கலம்பிட்டி வரை கொண்டுபோவாராம். கரண்ட் இல்லாத இடத்துக்கு ஜெனரேட்டரும் சேர்த்து. அவருடைய கணக்கில் அப்ப மன்னாரில் அதிகம் கேட்ட படங்கள் முரட்டுக்காளையும் சகலகலா வல்லவனும். ரெண்டும் ஏவிஎம் படம். அந்த உருண்டை சனத்தின் தலைக்குள் போனது அப்படித்தான். கசட்டில் பெரும்பாலானவை கொப்பியின் கொப்பியின் கொப்பி. விஎச்எஸ் திரையில் குறுக்காகப் பார்த்தால் ஏறத்தாழ 240 கோடு அளவுக்குத் தான் விபரம் காட்டும், ஒவ்வொரு கொப்பிக்கும் அதிலும் கொஞ்சம் போகும். மூன்றாவது கொப்பியில் ரஜினியின் முகத்தில் மூக்கைத் தேட வேணும். அதுவும் போதும் என்று தான் சனம் பார்த்தது.

ஆனால் டெக்கில் ஒரு பட்டன் இருந்தது. தியேட்டரில் இல்லாத பட்டன். நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம். மாயாபஜார் கசட் வந்த இரவு, ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டை விழுங்குகிற காட்சியை நிறுத்தி நிறுத்தி, லட்டு எந்த இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டது என்று பெடியன்கள் பந்தயம் பிடித்தார்களாம். 1957ல் வந்த படம், விஜயா வாஹினிக் கூட்டம் செய்தது, கமெரா மார்க்கஸ் பார்ட்லி. அந்தப் படத்தின் நிலா வெளிச்சத்தைக் கூட அவர் பொய்யாகத் தான் செய்தார் என்று பிறகு நான் வாசித்துச் சொன்னபோது பெரியவாப்பா நம்பவில்லை. "அது நிலா தான்டா" என்றார். 1984ல் அமெரிக்காவில் கிங் காங் படத்தின் லேசர் டிஸ்க்கில், படம் எப்படி எடுத்தார்கள் என்று ஒருவர் பேசுகிற தனி ஒலித்தடத்தை முதல்முதலாகப் போட்டு விற்றார்கள். அதில் இருந்து தான் பிறகு டிவிடிகளில் வந்த திரைமறைவுக் காட்சிகள் எல்லாம் வளர்ந்தன. உப்புக்குளத்துப் பெடியன்களுக்கு அந்த ஒலித்தடம் கிடைக்கவில்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள்.

இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்த மூன்று பேர், பெரியவாப்பாவும் சேர்த்து, 1982 கடைசியில் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். சொன்ன காரணம் சாரி வியாபாரம். சாரியும் வாங்கினார்கள் தான். சென்னையில் ரெண்டு நாள் வடபழனியில் சுற்றினார்கள். ஒரு பெரிய ஸ்டூடியோ வாசலில் (எது என்று வேண்டாம்) காவல்காரர் விடவில்லை. "சிலோனில இருந்து வாறம்" என்று சொன்னதுக்கு, "சிலோன்ல படம் இல்லையா?" என்று கேட்டாராம். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருந்திருக்கு என்று பெரியவாப்பா 40 வருசமாகச் சொல்லுகிறார். என்ன பதில் என்று மட்டும் சொன்னதில்லை.

அடுத்த நாள் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குள் தேத்தண்ணி கொண்டுபோகிற பையனோடு கதைத்துப் பழகி உள்ளே போனார்கள். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பார்கள். ஒரு கோயில் செட். முன்னால் கருங்கல், பின்னால் சாக்கும் பலகையும் சவுக்குக் கம்பும். பாட்டுக் காட்சி. நட்சத்திரம் யாரும் பெரிய ஆள் இல்லை. ஒலிப்பெருக்கியில் ரெண்டு வரி ஓடும், பெண்கள் ஆடுவார்கள், "கட்", திரும்ப அதே ரெண்டு வரி. திரும்ப அதே. மேலே பலகையில் இருந்து லைட் பிடிக்கிற ஆக்களுக்கு வியர்வை சொட்டுது. "நாங்க டெக்கில ரீவைண்ட் அடிக்கிற மாதிரி தான், ஆனா அவங்கள் ஆளையே ரீவைண்ட் அடிக்கிறாங்கள்" என்றார் பெரியவாப்பா. படம் எடுக்கிறதைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் எனக்கு இது தான் கூடப் பிடித்தது.

அவர்கள் திரும்பி வந்து ஆறு ஏழு மாதத்தில் 1983 யூலை. யாழ்ப்பாணமும் கொழும்பும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கு. சினிமாவுக்கு நடந்தது அந்தளவுக்குப் பேசப்படுவதில்லை. கொழும்புக்கு வடக்கே ஹெந்தலையில், தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. எரிந்ததில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்கள் தான் நிறைய. தமிழனின் சொத்து என்று நினைத்துக் கொளுத்தினவர்கள் தங்கட சினிமாவையே கொளுத்தினார்கள். சிங்களப் படங்களை இயக்கிய தமிழர் கே. வெங்கட் அதே நாட்களில் கொல்லப்பட்டார். "சிலோன்ல படம் இல்லையா" என்ற கேள்வியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இது தான் நினைவுக்கு வரும். படம் இருந்தது. தோட்டக்காரி, குத்துவிளக்கு, தர்மசேன பத்திராஜவின் பொன்மணி, செங்கை ஆழியானின் நாவலில் இருந்து வந்த வாடைக்காற்று. இன்றைக்கு இந்தப் பழைய தமிழ்ப் படங்களைத் தேடினால் கையில் கிடைப்பது அநேகமாகக் கோடு விழுந்த, நிறம் போன வீடியோக் கொப்பி தான்.

யுத்தத்தோடு தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதுக்குப் பிறகு அந்தக் கடலைத் தாண்டினவர்கள் சாரி வாங்கவோ ஸ்டூடியோ பார்க்கவோ போகவில்லை. இரவில், சின்னப் படகுகளில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இராமேஸ்வரம் கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். 1990 ஒக்டோபரில் புலிகளின் உத்தரவால் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது எங்கட குடும்பமும் மன்னாரின் மற்றச் சனத்தோடு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனது. வள்ளத்தில் டெக்குக்கு இடம் இல்லை. அலுமாரி அப்படியே நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. நிறையப் பேர் எத்தனையோ பெரிய விசயங்களை இழந்திருக்க, கசட்டைப் பற்றிக் கதைக்க வெட்கமாகத் தான் இருக்கு. ஆனால் வாப்பும்மாவிடம் எதை நினைச்சுக் கவலைப்படுறீங்க என்று கேட்டால், நகைக்கு முன்னால் மகளின் கல்யாணக் கசட்டைத் தான் சொல்லுவா.

எங்கட ஆக்கள் அகதி வாழ்க்கையில் இருந்த அந்த வருசங்களில் தான் ஸ்டூடியோக்கள் கதவைத் திறந்தன. சென்னை தரமணியில் எம்ஜிஆர் பிலிம் சிட்டி 1994ல் வந்தது. படப்பிடிப்புக்கும், டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கவும். 1997 ஒக்டோபரில் அங்கே எலிசபெத் மகாராணியே வந்தார், கமல்ஹாசனின் மருதநாயகம் தொடக்க விழாவுக்கு. உலகத்திலேயே விலை உயர்ந்த ஸ்டூடியோச் சுற்றுலா அதுவாகத் தான் இருக்கும். ராணி பார்த்த அந்தக் காட்சி எடுக்கப்பட்டது, படம் முடியவில்லை. ஹைதராபாத்தில் ராமோஜி பிலிம் சிட்டி 1996ல் திறந்தது. உலகத்தின் மிகப்பெரிய ஸ்டூடியோ என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கு. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், போலி ரயில்வே ஸ்டேசன், போலி விமான நிலையம் எல்லாம் காட்டுவார்கள். அங்கே நிஜமாகப் படமும் எடுக்கிறார்கள் என்பதை நியாயத்துக்குச் சொல்ல வேணும். ஆனால் சுற்றுலாக்காரர் பார்ப்பது பெரும்பாலும் தங்களுக்காகச் செய்த காட்சியைத் தான்.

பழைய இடங்களுக்கு என்ன நடந்தது? ஜெமினி போய்விட்டது, மேம்பாலத்துக்குப் பேர் மட்டும் மிச்சம். பஸ் கண்டக்டர் இன்றைக்கும் "ஜெமினி" என்று தான் கூப்பிடுவார். விஜயா வாஹினி நிலத்தில் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், 2013ல் ஒரு பெரிய மால். மாயாபஜார் நிலா உதித்த பூமியில் இப்ப பொப்கோர்ன் விற்கிறார்கள், மாலுக்குள் தியேட்டர் இருப்பதால் ஒரு வகையில் சினிமா தொடருது என்றும் சொல்லலாம். சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் தொடங்கினது, 1956ல் அலிபாபாவும் 40 திருடர்களும் என்ற முதல் தமிழ் வண்ணப்படத்தைத் தந்த இடம். மிஞ்சி நிற்பது வாசல் வளைவு மட்டும். உள்ளே போக முடியாத வாசல் ஒரு காலம், உள்ளே ஒன்றும் இல்லாத வாசல் இன்னொரு காலம். ஏவிஎம் 2023 மே மாதம் தன் வளாகத்திலேயே ஒரு அருங்காட்சியகம் திறந்தது. பழைய கார்கள், கமெராக்கள், படங்களில் பாவித்த பொருட்கள். டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். பெரியவாப்பாவிடம் போவோமா என்று கேட்டேன். "ஆடுறதை நிப்பாட்டின பிறகு செட்டைப் பாத்து என்ன செய்யுற" என்றார்.

அவர் சொல்வதில் நான் பாதி தான் ஒத்துக்கொள்வேன். கார் பார்க்க எனக்கும் விருப்பம். ஆனால் சினிமா வரலாற்றை வைத்திருக்க வேண்டியது கார் இல்லை, படம். அதை வைத்திருக்கிற வேலையில் ஸ்டூடியோக்கள் கெட்டிக்காரர்களாக இருக்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931 காளிதாஸ் இன்றைக்கு ஒரு கொப்பி கூட இல்லை. உண்மையான திரைமறைவுச் சுற்றுலா என்று நான் நினைப்பது 2017 ஒக்டோபரில் சென்னை பிரசாத் லாபில் நடந்தது. பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேசன் என்ற அமைப்பு ஒரு கிழமைப் பயிற்சி வைத்தது, இலங்கை உட்பட அயல்நாட்டு ஆக்களும் விண்ணப்பிக்கலாம். பழைய பிலிமை எப்படித் துடைப்பது, கிழிந்த துளையை எப்படி ஒட்டுவது, எப்படி ஸ்கேன் செய்வது. நட்சத்திரத்தைப் பார்க்கிற ஆசையில் இல்லாமல், பிலிமைத் தொடுகிற ஆசையில் சனம் ஸ்டூடியோவுக்குள் போன நாட்கள் அவை. அதே அமைப்பு மீட்ட சுமித்ரா பீரிஸின் கெஹெணு லமாய், 1978ல் வந்த இலங்கைப் படம், 2025ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. எங்கட பொன்மணிக்கும் வாடைக்காற்றுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், யாரோ ஒரு ஆளின் அலுமாரி தான் உதவ வேண்டிவரும்.

அலுமாரிக்கும் ஆயுள் இருக்கு. வீடியோக் கசட்டின் நாடா என்பது பொலியெஸ்டரில் இரும்புத்தூளைப் பசையால் ஒட்டினது. அந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், பிறகு பிசுபிசுக்கும், ஹெட்டில் ஒட்டும், இழுத்தால் இரும்புத்தூளோடு படமும் உரிஞ்சு வரும். உப்புக்குளம் என்று பேர் வைத்த ஊரில் காற்று எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த கசட்டைக் கண்டால் உடனே டெக்கில் போடாதீங்க, கசட்டும் போகும் டெக்கும் போகும். முதலில் துப்புரவாக்குகிற ஆளிடம் குடுங்க. டெக்கையும் எறியாதீங்க. உலகத்தில் விஎச்எஸ் மெசின் செய்துகொண்டிருந்த பெரிய கம்பனிகளில் கடைசியான ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்ப இருப்பது தான் இருக்கு.

பெரியவாப்பாவின் கசட்டுகளில் ஒன்று தப்பினது. 1990க்கு முதலே கொழும்பில் ஒரு சொந்தக்காரர் இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் குடுக்காமல் விட்டது. அந்த நேரம் அதுக்காகச் சண்டையும் பிடித்திருக்கிறார்கள். போன வருசம் அவர்களின் வீட்டு மேல்தட்டில் இருந்து கிடைத்தது. சிட்டையில் பெரியவாப்பாவின் கையெழுத்தில் சகலகலா வல்லவன் என்று இருந்தது. கொழும்பில் குடுத்துக் கணினிக்கு மாற்றிப் பார்த்தால், படத்துக்கு மேலே வேறொன்றைப் பதிந்திருந்தார்கள்: எங்கட மாமியின் கல்யாணம். வாப்பும்மாவுக்குச் சொல்லாமல் போட்டுக் காட்டினோம். உப்புக்குளத்துப் பழைய வீடு, முற்றத்தில் பந்தல், இப்ப இல்லாத எத்தனையோ பேர், ஒரு மூலையில் டெக்கைக் கட்டிப்பிடித்தபடி மீசை முளைக்காத வாப்பா. கல்யாணம் 50 நிமிசத்தில் முடியுது. கொஞ்ச நேரம் வெறும் புள்ளி மழை. பிறகு அழியாமல் மிச்சமிருந்த பழைய படம் நடுவில் இருந்து தொடங்குது. நிப்பாட்டப் போனேன். வாப்பும்மா விடவில்லை, முடியும் வரைக்கும் இருந்து பார்த்தா.